டயலுக்குப் பெயிண்ட் அடிக்காதீங்க

மிலிட்டரி வாட்ச் வேண்டும் என்று என்னிடம் கேட்கிறவர்கள் இப்போது கூடிக்கொண்டே போகிறார்கள். பாதிப் பேர் இணையத்தில் ஒன்றைப் பார்த்து வைத்துவிட்டு, "இது ஒரிஜினல்தானா?" என்று படம் அனுப்புகிறார்கள். கறுப்பு டயல், அதில் பளிச்சென்று ஓர் அம்புக்குறி, பின்மூடியில் ஏதோ ஒரு படைப்பிரிவின் சின்னம், பச்சைத் துணி வார், விலை ஆயிரத்தைந்நூறு. வாங்காதீங்க என்றுதான் சொல்கிறேன். கூடவே இன்னொன்றும் சொல்கிறேன்: உங்கள் தெருவில் மிலிட்டரிக்காரர் வீடு இருக்கும், முதலில் அங்கே போய்க் கேளுங்கள்.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதை ஒரு தடவை விலாவாரியாக எழுதிவிடுகிறேன்.

முதல் உலகப் போர் வரைக்கும் ஆண்களுக்குப் பெரும்பாலும் பைக்கடிகாரம்தான். கையில் கட்டுவது பெண்களின் நகை என்று இருந்தது. பதுங்குகுழிதான் அதை மாற்றியது. ஒரு கையில் துப்பாக்கி இருக்கிறது, பீரங்கி ஓயும் அதே நிமிடத்தில் எல்லாரும் ஒன்றாக மேலே ஏற வேண்டும். அந்த நேரத்தில் சட்டைப்பைக்குள் கையை விட்டுச் சங்கிலியை இழுத்துக்கொண்டிருக்க முடியாது. சின்னப் பைக்கடிகாரத்துக்குக் கம்பி வளையம் பற்றவைத்து, வார் கோத்துக் கட்டிக்கொண்டார்கள். இருட்டில் தெரிவதற்காக எண்களில் ரேடியம் என்ற கதிர்வீச்சுப் பொருள் கலந்த ஒளிப்பூச்சைப் பூசினார்கள். அந்த ரேடியத்தைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் அரசு தன் படைக்கென்று ஓர் அளவுகோல் எழுதிக் கொடுத்து, 12 பெயர்களில் சுவிட்சர்லாந்தில் செய்து வாங்கியது. ஒமேகா, லாஞ்சீன்ஸ், ஐ.டபிள்யூ.சி., ஜேகர் லெகூல்த்ர், சைமா, எடெர்னா, லெமானியா, பியூரன், ரெக்கார்ட், டிமோர், வெர்டெக்ஸ், கிரானா. கறுப்பு டயல், ஆறாம் எண் பக்கத்தில் தனியாக ஒரு குட்டி விநாடி முள், பின்மூடியில் மூன்று டபிள்யூ எழுத்துகள். கைக்கு வந்து சேர்ந்தது 1945-ல், போர் முடிகிற சமயம். சேகரிப்பவர்கள் இந்தப் பன்னிரண்டையும் சேர்த்து 'டர்ட்டி டசன்' என்பார்கள். அதில் கிரானா கிடைப்பது குதிரைக்கொம்பு. இவற்றில் இருக்கும் அம்புக்குறி 'அரசாங்கச் சொத்து' என்பதற்கான அடையாளம். இன்றைக்கு அந்த அம்பு இருந்தால் விலை எங்கேயோ போகிறது. அதனால்தான் அம்பே இல்லாத வாட்சுக்கெல்லாம் அம்பு முளைக்கிறது.

அளவைப் பார்த்தாலே பல பொய்கள் தெரிந்துவிடும். அந்தப் பன்னிரண்டும் ஏறக்குறைய 35 முதல் 38 மில்லிமீட்டர். அமெரிக்கப் படைக்கு எல்ஜின், வால்தம், புலோவா மூன்று கம்பெனிகளும் செய்துகொடுத்த ஏ-11 அதைவிடச் சின்னது, ஏறக்குறைய 32 மில்லிமீட்டர்தான் வரும். அதில் பக்கவாட்டில் இருக்கும் சாவித் திருகை இழுத்தால் விநாடி முள் அப்படியே நிற்கும். ஒரு குழுவே முள்ளை நிறுத்தி வைத்து, ஒரே நொடியில் ஓட விடுவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஜெர்மானிய விமானப்படையில் வழிகாட்டுகிறவர்கள் கட்டிய வாட்ச் நேர் எதிர், 55 மில்லிமீட்டர். ஜாக்கெட்டுக்கு மேலேயே கட்டிக்கொள்வார்கள். இந்த மூன்றிலும் சேராத ஒரு 42 மில்லிமீட்டர் வாட்சை 'உலகப் போர் வாட்ச்' என்று ஒருவர் விற்றால், முதலில் சந்தேகப்படுங்கள்.

சரி, நம் பக்கம் வருவோம்.

1961-ல் பெங்களூரில், ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து மத்திய அரசு நிறுவனமான எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. ஜனதா, சோனா, பைலட், ஜவான், கோஹினூர், காஞ்சன் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். சாவி கொடுக்கிற வாட்சுகளில், உள்ளே அச்சு முனைகளைத் தாங்குகிற கல் பெரும்பாலும் 17. திருநெல்வேலிச் சீமையில் மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடு வாட்சும் போட வேண்டும் என்றால் ஒரு காலத்தில் அது எச்.எம்.டி.தான். மேலப்பாளையம், கடையநல்லூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த சீக்கோ ஃபைவ் தனிக் கதை, அதை இன்னொரு நாள் எழுதுகிறேன். அப்புறம் பேட்டரியில் ஓடுகிற குவார்ட்ஸ் வந்தது, ஓசூரில் டைட்டன் வந்தது, 2016-ல் எச்.எம்.டி.யின் வாட்ச் கம்பெனியை மூடுவதற்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

இதில் எது மிலிட்டரி வாட்ச்? அரசாங்கம் முத்திரை குத்திக் கொடுத்ததுதான் மிலிட்டரி வாட்ச் என்று சேகரிப்பவர்கள் சொல்வார்கள். ஏலக் கடைக்கு அந்தக் கணக்கு சரி. என் கணக்கு வேறு. பட்டாளத்துக்காரர் ஒருவர் தன் சம்பளத்தில் வாங்கி, எல்லையில் கட்டி, பென்ஷனோடு ஊருக்குக் கொண்டுவந்த வாட்சில் எந்த முத்திரையும் இருக்காது. அதுதான் எனக்கு மிலிட்டரி வாட்ச். அம்பாசமுத்திரம், நாங்குநேரி, ராதாபுரம் பக்கம் எத்தனையோ வீடுகளில் அது பீரோவுக்குள் கிடக்கிறது. முத்திரை போட்ட கிரானாவை உலகத்தில் யாராவது ஒருவர் பத்திரமாக வைத்திருப்பார். இந்த வாட்சுகளை நாம் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யாரும் பார்க்கப் போவதில்லை.

கல்லிடைக்குறிச்சிப் பக்கம் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். மெட்ராஸ் ரெஜிமென்ட். வெலிங்டனில் பயிற்சி, 1971 போரைப் பார்த்தவர். நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவேன். அவர் வாட்ச் ஜனதா. பெயரில் ராணுவ வாசனையே கிடையாது. ஆனால் கையில் வாங்கிப் பார்த்தால் ஒவ்வொரு இடமும் ஏதாவது சொல்லும். வார் மாட்டுகிற காதுகளில் முலாம் தேய்ந்து பித்தளை மஞ்சளாகத் தெரிகிறது. மணிக்கட்டில் படும் இடத்தில் வியர்வை அரித்துப் பொடிப்பொடியாகக் குழி. டயல் ஓரமெல்லாம் பழுப்பேறி, நாலுக்கும் அஞ்சுக்கும் நடுவில் ஈரம் இறங்கிய ஒரு கறை. பின்மூடியைத் திருப்பினால், காம்பஸ் முனையால் கீறிய அவருடைய பட்டாளத்து எண். கடைசி இரண்டு எண்கள் இடம் போதாமல் கீழே இறங்கியிருக்கின்றன. "பேரக்ல எல்லாவனும் இதே வாட்சுதாம்ல கட்டிருப்பான். குளிக்கப் போயிட்டு வந்து மாத்தி எடுத்துக் கட்டிக்கிடுவான். அதாம் நம்பரப் போட்டு வச்சேன்" என்றார்.

அந்த எண் அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்திலும் இருக்கிறது. வாட்சும் புத்தகமும் ஒன்றாக இருக்கிற வரைக்கும் அந்த ஜனதா இன்னாருடையது என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் வராது. இணையத்தில் விற்கும் எந்த அம்புக்குறிக்கும் இப்படி ஒரு சாட்சி கிடையாது.

போன வருடம் அவர் மகன் அதை எடுத்துக்கொண்டு வந்தார். "அண்ணாச்சி, டயல் அசிங்கமா இருக்கு. பம்பாய்க்கு அனுப்பி புதுசாக்கித் தாரேன்னு ஒருத்தரு சொல்லுதாரு. கறுப்புல அடிச்சு, நடுவுல ரெஜிமென்ட் சின்னமும் போட்டுத் தருவாவளாம். அப்பாவுக்கும் சந்தோஷமா இருக்கும்லா?" என்றார். அவர் எண்ணம் நல்ல எண்ணம், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி அதை நிறுத்தினேன். டயல்தான் ஒரு வாட்சுக்குப் பத்திரம். தொழிற்சாலையில் அச்சடித்த எழுத்தைச் சுரண்டி எடுத்துவிட்டால் எந்த விலை கொடுத்தாலும் அது திரும்பி வராது. மேலே என்னதான் அழகாக வரைந்தாலும், அது பெரியப்பா பார்த்த டயல் ஆகாது.

இப்படிப் பெயிண்ட் அடிப்பது இன்று பெரிய தொழிலாகவே நடக்கிறது. ஊர் ஊராகப் பழைய வாட்சுகளை அடிமாட்டு விலைக்கு வாங்கி, ஒன்றின் மிஷினை இன்னொன்றின் வெளிக்கூட்டில், அதாவது கேஸில் போட்டு, டயலை மழித்துப் புதிதாக அச்சடித்து விற்கிறார்கள். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மும்பை ஸ்பெஷல்'. நல்ல வாட்ச் செய்த நாட்டுக்கு இப்படி ஒரு பெயர் வந்தது எனக்குப் பெரிய வருத்தம்.

கண்டுபிடிப்பது அவ்வளவு கஷ்டமும் இல்லை. ஒரு லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள், பத்து மடங்கு போதும். முதலில் எழுத்து. தொழிற்சாலை எழுத்தின் விளிம்பு கத்தியால் வெட்டினது போலச் சுத்தமாக இருக்கும், மறுபெயிண்டில் மை கசிந்து எழுத்து தடித்திருக்கும். அடுத்து நிமிடக் கோடுகள். மணிக் குறிக்கு நேராக நிமிடக் கோடு வருகிறதா என்று பன்னிரண்டு இடத்திலும் பாருங்கள், அவசர அச்சில் ஏதாவது ஓரிடத்தில் விலகியிருக்கும். சுவிஸ் வாட்சில் 'ஸ்விஸ் மேட்' என்று போட்டிருந்தால், அது ஆறாம் எண்ணுக்கு அடியில், விளிம்பை ஒட்டிப் பொடி எழுத்தில் இருக்க வேண்டும். நடுவில் பெரிதாக இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். முள்ளில் இருக்கும் ஒளிப்பூச்சும் எண்களில் இருக்கும் ஒளிப்பூச்சும் ஒன்றாகப் பழுப்பேறியிருக்க வேண்டும். எண் மஞ்சளாக, முள் பச்சையாக இருந்தால் இரண்டில் ஒன்று பெரும்பாலும் பிறகு வந்ததாக இருக்கும்.

எல்லாவற்றையும்விட, கேஸும் டயலும் ஒரே வயதா என்று பாருங்கள். உவரி, கூடங்குளம் கடற்காற்றில் முப்பது வருடம் இருந்து முலாம் உரிந்த கேஸுக்குள், நேற்று வாங்கின மாதிரி டயல் இருக்க முடியாது. பின்மூடியில் வெட்டிய முத்திரையும் அப்படித்தான். சுற்றியிருக்கும் உலோகம் தேய்ந்து வழவழவென்று இருக்க, முத்திரையின் ஓரம் மட்டும் நகத்தில் சுரீர் என்று படுகிறதென்றால் அது புதிது. ரெஜிமென்ட் சின்னம் போட்ட வாட்ச் எல்லாமே பொய் என்று சொல்ல வரவில்லை. எங்கே, எப்போது, யாரிடமிருந்து வந்தது என்ற கேள்விக்கு விற்கிறவரிடம் பதில் இல்லையென்றால் அந்தச் சின்னத்துக்காக ஒரு ரூபாய்கூடக் கூட்டிக் கொடுக்காதீங்க.

டயல் விஷயத்தில்தான் நான் இவ்வளவு கறார். மற்றதில் இல்லை. கண்ணாடி மாற்றலாம். பழைய பிளாஸ்டிக் கண்ணாடியில் கீறல் விழுந்தால் மாற்றக்கூட வேண்டாம், துணியில் கொஞ்சம் பேஸ்ட் தொட்டுப் பொறுமையாகத் தேய்த்தாலே தெளிந்துவிடும். வார், மெயின் ஸ்பிரிங் எல்லாம் தேய்ந்து போகிற சாமான்கள், தாராளமாக மாற்றுங்கள். கேஸைப் பஃப் போட்டு மினுக்கச் சொல்லாதீங்க, முலாமும் போகும், காதுகளின் கூர்மையும் போகும். ரொம்ப நாள் ஓடாமல் கிடந்த வாட்சுக்குச் சாவி கொடுத்துப் பார்க்கிற ஆசையை அடக்குங்கள். உள்ளே எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும், அதோடு ஓட்டினால் அச்சு முனைகள் தேயும். முதலில் கழற்றிக் கழுவி எண்ணெய் போட வேண்டும். திருநெல்வேலி டவுண் ரத வீதிப் பக்கமும் பாளையங்கோட்டையிலும் இந்த வேலை தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. பேட்டரி மாற்றுவதே பிழைப்பாகிப்போனவர்களிடம், சாவி வாட்சைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முகம் மலர்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் கேட்கிற கூலியில் பேரம் பேசாதீங்க.

இனி ரேடியம். இதைத் தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். 1960-களுக்கு முந்தைய ஒளிரும் டயல்களில் பெரும்பாலும் ரேடியம்தான். இன்று இருட்டில் வைத்தால் ஒளி வராது, அதனால் ரேடியம் செத்துவிட்டது என்று நினைக்கிறார்கள். செத்தது, அதோடு கலந்திருந்த துத்தநாக சல்பைடு. ரேடியத்தின் அரை ஆயுள், அதாவது அதன் கதிர்வீச்சு பாதியாகக் குறைகிற காலம், 1600 வருடம். 1920-களில் அமெரிக்காவில் டயலுக்கு ரேடியம் பூசிய பெண்கள், தூரிகையை உதட்டில் வைத்துக் கூராக்கச் சொல்லிக் கொடுக்கப்பட்டதால் தாடை எலும்பு அழிந்து செத்திருக்கிறார்கள். மூடிய வாட்சைக் கட்டுவதில் பயம் குறைவு, வினை அந்தப் பொடியில்தான். ஆகவே பழைய போர்க்கால வாட்சை வீட்டில் திறக்காதீங்க, ஊதாதீங்க, பிளேடால் சுரண்டாதீங்க. ரிப்பேருக்குக் கொடுத்தால் ரேடியம் என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள். அவர் நாள் முழுக்க அந்த மேஜையில்தான் சாப்பிடுகிறார். டயலின் அடியில் 'ஸ்விஸ்' என்ற சொல்லுக்கு இருபுறமும் ஆங்கில டி எழுத்து இருந்தால் அது ட்ரிட்டியம் என்ற வேறொரு கதிர்வீச்சுப் பொருள். அரை ஆயுள் 12 வருடத்துக்குச் சற்று மேல், ஆபத்தும் மிகக் குறைவு.

வீட்டில் பட்டாளத்து வாட்ச் இருப்பவர்கள் செய்ய வேண்டியது சின்ன வேலைதான். அவர் இருக்கும்போதே உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வருடம் வாங்கினது, எந்த ஊரில், எவ்வளவு, எங்கெல்லாம் கட்டியிருந்தீர்கள். ஒரு தாளில் எழுதி, அவரையே கையெழுத்துப் போடச் சொல்லி, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலோடும் யூனிஃபார்ம் போட்டோவோடும் சேர்த்து வையுங்கள். வாட்சை ஸ்பீக்கர் மேலேயோ செல்போனை ஒட்டியோ வைக்காதீங்க, காந்தம் ஏறினால் வேகமாக ஓட ஆரம்பிக்கும்.

பணமுடையால் விற்றுத்தான் ஆக வேண்டும் என்றால் விற்கலாம், அதில் தப்பே இல்லை. ஆனால் தெருவில் பழைய சாமான் எடுக்க வருகிறவரிடம் இருநூறுக்கும் முந்நூறுக்கும் போடாதீங்க, அது நேராகப் பெயிண்ட் அடிக்கிற மேஜைக்குத்தான் போகும். கட்டுவதற்கென்று கேட்கிற ஒருவரைத் தேடிப் பிடித்து, அந்தத் தாளையும் சேர்த்து அவர் கையில் கொடுங்கள். எனக்கு எழுதினால், அப்படிப்பட்டவரைத் தேடித் தருகிறேன். கமிஷன் வேண்டாம்.