46 வெள்ளிப் பிளாஸ்டிக்

திரும்பவும் என் பழைய ஜெர்மன் காரின் டாஷ்போர்டில் அதே மஞ்சள் விளக்கு! வியாழக்கிழமை பட்டறையிலிருந்து எடுத்தேன், சனிக்கிழமை எரிகிறது. நடுவில் ஓடியது ஒரே ஒரு வெள்ளிக்கிழமை. அந்த ஒரு நாளுக்கு நான் அழுதது 3,870 சிங்கப்பூர் வெள்ளி, அதாவது டாலர்.

அதுவும் எந்தச் சனிக்கிழமை? புரட்டாசிச் சனிக்கிழமை. அம்மா பட்டுச் சேலையில், மடியில் துளசி மாலை, காலடியில் தேங்காய் பழப் பை. சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலுக்குக் கிளம்பினோம். “பஸ்லயே போயிடலாம்டா தம்பி” என்று மூன்று தடவை சொன்னார். “இப்பதானேம்மா சரி பண்ணியிருக்கு, ஏறுங்க” என்று சொன்ன அறிவாளி நான்தான்.

மத்திய விரைவுச்சாலையில் பிராடலைத் தாண்டியதும் மஞ்சள் விளக்கு. சரி, மஞ்சள்தானே என்று விட்டேன். அப்புறம் ‘டிங்’. அந்த ‘டிங்’கை ஜெர்மன்காரன் என்ன பதவிசாகச் செய்து வைத்திருக்கிறான்! பெரிய ஹோட்டலில் லிஃப்ட் கதவு திறக்கிற மாதிரி. அடுத்தது சிவப்பு. அதற்குள் அம்மா மூக்கை உறிஞ்சி, “என்னடா இது, சர்க்கரைப் பொங்கல் வாசனை வருது?” என்றார். பொங்கல் இல்லை தாயே, கூலண்ட், எஞ்சினைக் குளிர்விக்கிற திரவம். சூடான எஞ்சின் மேல் கொட்டினால் அப்படித்தான் தித்திப்பாக மணக்கும். எனக்கு அந்த வாசனை மனப்பாடம்.

கூலண்ட் கொதித்தால் ஓரம் கட்டும்வரை செய்ய ஒரு வித்தை உண்டு. ஏசியை அணைத்துவிட்டு ஹீட்டரை முழுசாகத் திறந்துவிட வேண்டும், எஞ்சின் சூடு கொஞ்சம் உள்ளே இறங்கும். திறந்தேன். சிங்கப்பூர் வெயிலில், பட்டுச் சேலை கட்டிய தாயின் முகத்தில், அடுப்பு ஊதுகிற மாதிரி காற்று. “ஐயோ” என்று கண்ணாடிகளை இறக்கினேன். வெளிக்காற்று உள்ளே பாய்ந்தது. கூரைத் துணியின் பசை இந்த ஊர் ஈரத்துக்குப் போன வருஷமே விட்டுப்போய், 22 குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தேன். அத்தனையும் பறந்தது. துணி அப்படியே அம்மா தலையில் முக்காடு போட்டது.

முக்காட்டுக்குள்ளிருந்து ஒரே கேள்வி: “இதுக்கு எவ்வளவுடா குடுத்த?”

பதில் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? காருக்குப் பத்து வயது முடிவதற்குள் பேசாமல் ஏற்றுமதிக்குக் கொடுத்திருந்தால் அரசாங்கம் திருப்பித் தரும் கழிவுத்தொகை கையில் வந்திருக்கும். நான் அதை விட்டுக்கொடுத்து, 50,000 வெள்ளிக்கு மேல் கட்டி, இந்த ஊரில் கார் வைத்திருக்கக் கட்டாயமான வாகன உரிமைச் சான்றிதழை ஐந்தாண்டுக்கு நீட்டித்தேன். ஐந்தாண்டு முடிந்தால் மறுபடி நீட்டிக்கவும் முடியாது. சாலை வரியில் பத்து வயதுக்கு மேல் ஆண்டுக்கு 10 சதவீதமாக ஏறி 50 வரை அபராதம் மாதிரி ஒன்று. வருஷா வருஷம் பரிசோதனை வேறு. இவ்வளவும் எதற்கு? மீட்டரில் 280 வரை எண் போட்டிருக்கிற வண்டியை, 90க்கு மேல் போகக்கூடாத விரைவுச்சாலையில் ஓட்டுவதற்கு. ஓட்டுவதற்குக்கூட இல்லை, ஓரத்தில் நிறுத்திவைப்பதற்கு.

அந்த 3,870 வந்த கதையையும் கேளுங்கள். உடைந்த உருப்படி ஒரு பிளாஸ்டிக் முழங்கைக் குழாய், என் சுண்டுவிரல் நீளம், விலை 46 வெள்ளி. பட்டறைத் தௌக்கே, அதாவது முதலாளி, அதை என் உள்ளங்கையில் வைத்தார். லேசாக அழுத்தினேன், மேரி பிஸ்கட் மாதிரி பொடிந்தது. அது எஞ்சினின் தொப்புளில் உட்கார்ந்திருக்கிறதாம். அதைத் தொட மேலே இருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். “கழற்றியாச்சு இல்ல, அதோட சேர்த்து” என்று ஆரம்பித்தார். அதோடு சேர்த்து தெர்மோஸ்டாட். அதோடு சேர்த்து பெல்ட், கேஸ்கெட். தாலி கட்டப் போன இடத்தில் மச்சினிச்சிகள் எல்லாருக்கும் சேலை எடுத்த மாதிரி பில்.

இப்போது உடைந்தது எது தெரியுமா? அதற்குப் பக்கத்துக் குழாய். புதுசு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதாம், அழுத்தம் பழசின் மேல் வந்துவிட்டதாம். தொலைபேசியில் தௌக்கே சொன்ன விளக்கம் இவ்வளவுதான்: “ஓல்ட் கார், அப்படித்தான் லா.”

எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜோகூரில் பாதி விலைக்குச் செய்யலாம் என்று யாரும் யோசனை சொல்ல வராதீர்கள். எல்லை தாண்டக் கட்டாயமான முக்கால் டாங்க் பெட்ரோலை நிரப்பி, கடற்பாலத்து நெரிசலில் இரண்டு மணி நேரம் இந்த வண்டியை ஊர்ந்து ஓட்டினால், மறுகரைக்கு ஆவி மட்டும்தான் போய்ச் சேரும்.

விரைவுச்சாலை மீட்பு வண்டிக்காரர்கள் இலவசமாகவே இழுத்துக் கொண்டுபோய் ஒரு கார் நிறுத்துமிடத்தில் விட்டார்கள், புண்ணியவான்கள். அங்கிருந்து பட்டறைக்கு, வண்டி தாழ்வு என்பதால் தட்டுலாரிதான் வேண்டும் என்று 160 வெள்ளி. லாரிக்காரர் பின்னாலிருந்து ஒரு படம் எடுத்துக்கொண்டு “நைஸ் கார்” என்றார். அம்மா அவருக்கு இரண்டு வாழைப்பழம் எடுத்துக் கொடுத்தார். அப்புறம் பைக்குள் பார்த்து, “பெருமாளுக்கு வச்ச தேங்காயை இதுக்கே சுத்திப் போட்டு உடைச்சிடவா?” என்றார். அவர் தலையில் இன்னும் ஒரு குண்டூசி ஒட்டிக்கொண்டிருந்தது. சிரித்துத் தொலைத்தேன். அவரும் சிரித்தார்.

சரி, பஸ்ஸிலேயே போகலாம் என்று நிறுத்தத்துக்கு வந்தோம். இரண்டு நிமிடத்தில் பஸ் என்றது செயலி. அப்புறம் ஒரு நிமிடம். அப்புறம் ‘வருகிறது’. சாலையில் ஒரு ஈ காக்கை இல்லை. மறுபடி பார்த்தால் 14 நிமிடம். வராத பஸ்ஸை வருகிறது என்று சொல்ல எதற்கய்யா ஒரு செயலி?