'டுமாரோ'வில் குத்தம்பாக்கமும் உண்டு
சுற்றுச்சூழல், சமூகச் சிக்கல்களுக்குத் தீர்வு தேடி ஊர் ஊராகப் போகும், 2015-இல் வந்த 'டுமாரோ' என்ற பிரெஞ்சு ஆவணப்படம் பணக்கார நாடுகளின் பெருமை மட்டும்தான், நம்ம பக்கம் கேமராவே வரவில்லை என்கிறீர்கள். அப்படி இல்லைங்க. ஜனநாயகம் பற்றிய பகுதியில் சென்னையை அடுத்த குத்தம்பாக்கம் வருகிறது. வேதிப் பொறியாளராக இருந்து, 1996-இல் ஊராட்சித் தலைவரான இளங்கோ ரங்கசாமி அதில் பேசுகிறார். தலித் குடும்பமும் வேறு சாதிக் குடும்பமும் நடுவில் ஒரே சுவரோடு குடியிருக்கும் இரட்டை வீடுகள் அந்த ஊரில்தான் இருக்கின்றன. எனக்கு அந்த ஒரு சுவரே போதும்.

மற்றபடி டெட்ராய்ட், கோபன்ஹேகன் என்று மேற்கு நாடுகள்தான் அதிகம், சரி. ஆனால் "எல்லாம் பெரிய கம்பெனி காசு" என்றதும் தவறு. தொடக்கத்தில் இணையம் வழியாக 10,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்ட பணமும் அதில் இருக்கிறது.