37-ஆம் பிரிவை மறந்துவிட்டீர்களே

நைஜீரியாவில் தனியுரிமை 2023-இல் வந்த தரவுப் பாதுகாப்புச் சட்டத்தோடுதான் பிறந்தது என்பதுபோல் உங்கள் கட்டுரை சொல்கிறது. அப்படி இல்லை. 1999 அரசமைப்பின் 37-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது: குடிமக்களின் அந்தரங்கம், வீடு, கடிதம், தொலைபேசிப் பேச்சு, தந்தி எல்லாவற்றுக்கும் உத்தரவாதம். (தந்தி! இன்று யார் அடிக்கிறார்கள்?) ஆனால் 'குடிமக்கள்' என்ற சொல்தான் எனக்கு உறுத்துகிறது. உயிர்வாழும் உரிமை 'ஒவ்வொருவருக்கும்' என்கிறது 33-ஆம் பிரிவு. அந்தரங்கம் மட்டும் ஏன் குடிமக்களுக்கு? நைஜீரியப் பெருநகரான லாகோஸில் பிழைக்க வந்த அயல்நாட்டவர் என்ன செய்வார்? அப்புறம் 45-ஆம் பிரிவு வேறு. பொதுப் பாதுகாப்பு, பொது ஒழுங்கு, பொதுச் சுகாதாரம் என்று நியாயமான காரணம் காட்டிச் சட்டம் போட்டால் 37 குறுக்கே நிற்காது. அந்தரங்கம் எப்படி மீறப்படுகிறது என்பதற்கு, கடன் தரும் கைப்பேசிச் செயலிகள் தவணை தவறியவரின் கைப்பேசியில் இருந்த தொடர்பு எண்களை எடுத்து உறவினர்களுக்கெல்லாம் அவதூறு அனுப்பிய கதையையும் எழுதியிருக்கலாம்.