எலியான் ரதீக்கைத் தூங்குவதற்காகக் கேட்காதீர்கள்

பிரெஞ்சு இசையமைப்பாளர் எலியான் ரதீக்கின் பெயர் வரும் இடத்திலெல்லாம் 'தியானம்', 'அமைதி', 'ஆழ்ந்த உறக்கம்' என்ற சொற்களும் கூடவே வந்துவிடுகின்றன. ஒரு மணி நேரம் நீளும் அவருடைய படைப்புகளைத் தூக்கத்துக்கான பாட்டுப் பட்டியல்களில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு இதில் கோபம் உண்டு. மின்னணு இசையில் இத்தனை கறாராக உழைத்த ஒருவரை, கண்ணை மூடிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தவர் போல ஆக்கிவிடுகிறோம்.

1932-இல் பாரிஸில் பிறந்தவர். சிற்பி ஆர்மனை மணந்து, மூன்று குழந்தைகளோடு நீஸ் நகரில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாழ்ந்தார். மற்றவர்களுக்கு இரைச்சலாகப்பட்ட விமானச் சத்தத்தை அவர் காதுகொடுத்துக் கேட்டார். ரயில் ஒலிகளை வைத்து இசையமைப்பாளர் பியேர் ஷாஃபேர் செய்திருந்த இசையை ரேடியோவில் கேட்டதும் அதே காலத்தில்தான். பிறகு 1950களில் ஷாஃபேரின் ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு டேப்பை வெட்டி ஒட்டி இசையாக்கக் கற்றுக்கொண்டார். ஆனால் நீஸில் அவருக்குக் கருவியும் இல்லை, ஸ்டுடியோவும் இல்லை. குடும்பத்தைக் கவனித்தபடி ஆண்டுகள் ஓடின.

1960களின் கடைசியில் பாரிஸ் திரும்பி இசையமைப்பாளர் பியேர் ஆன்ரியின் உதவியாளரானபோதுதான் சொந்த வேலை தொடங்கியது. மைக்கை ஸ்பீக்கருக்கு அருகே கொண்டுபோனால் கீச்சென்று அலறுமே, அதைத்தான் அவர் இசையாக எடுத்துக்கொண்டார். மயிரிழை நெருங்கினால் காதைக் கிழிக்கும். மயிரிழை விலகினால் அடங்கிப்போகும். அந்தக் குறுகிய இடைவெளிக்குள் நின்று ஒலியை மெல்ல மெல்ல மாற்றினார். குருமார்களான ஷாஃபேர், ஆன்ரி இருவருக்குமே அது பிடிக்கவில்லை.

அப்புறம் நியூயார்க். 1970-71-இல் அங்கே இசையமைப்பாளர் மோர்ட்டன் சபாட்னிக் அமைத்திருந்த ஸ்டுடியோவில், மின்சாரத்தால் ஒலியை உருவாக்கும் புக்லா சின்தசைசரோடு வேலை செய்தார். பிறகு சொந்தமாக ஏஆர்பி 2500 என்ற இன்னொரு சின்தசைசரை வாங்கி பாரிஸுக்குக் கொண்டுவந்தார். அதோடு வந்த கீபோர்டை மட்டும் வேண்டாமென்று நியூயார்க்கிலேயே விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் எனக்கு மிகப் பிடித்த முடிவு இது. கட்டைகள் முன்னால் இருந்தால் விரல்கள் தானாகவே பழைய மெட்டுகளைத் தேடிப் போகும். அந்த வழியை அவரே அடைத்துவிட்டார்.

அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். ஏறக்குறைய ஒரே சுருதியில் இருக்கும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து ஒலிக்கவிட்டால், அவற்றின் வித்தியாசம் ஒரு துடிப்பாகக் கேட்கும். 200 ஹெர்ட்ஸும் 201 ஹெர்ட்ஸும் சேர்ந்தால் விநாடிக்கு ஒரு துடிப்பு. அவருடைய இசை முழுக்க இந்தச் சின்ன வித்தியாசங்களில்தான் உயிர்வாழ்கிறது. ஒலிகளைத் தனித்தனி டேப்பில் பதிவுசெய்து, கடைசியில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கலப்பார். ஒரு மணி நேரப் படைப்பில் ஐம்பதாவது நிமிடம் கை தவறினால் மறுபடி முதலிலிருந்து. ஒரு படைப்பு முடிய வருடங்கள் ஆகும். இதையா ஓய்வுக்கான இசை என்கிறோம்?

'அவர் பௌத்தராயிற்றே' என்று பதில் வரும். சரி, உண்மைதான். 1974-இல் முடித்த 'அட்னோஸ்' முதல் பகுதி கலிபோர்னியாவில் ஒலித்தபோது, கேட்ட மாணவர்கள் சிலர் சொன்னதிலிருந்துதான் திபெத்திய பௌத்தம் அவர் வாழ்க்கைக்குள் வந்தது. சில வருடங்கள் இசையையே விட்டுவிட்டார். ஆனால் வரிசையைக் கவனியுங்கள். அந்த மெதுவான, நீண்ட இசை முதலில் வந்தது. பௌத்தம் அதற்குப் பின்னால் வந்தது. திபெத்தியத் துறவியும் கவிஞருமான மிலரேபாவைப் பற்றிய படைப்புகளில் சமயம் பொருளாக அமைந்தது. கேட்கும் முறையோ முன்பே அவருடையதாக இருந்தது.

அவருடைய 'மரணத்தின் முத்தொகுதி'யைத் தூக்கத்துக்காகப் போடுகிறவர்களிடம் இதையும் சொல்ல வேண்டும். அதன் முதல் பகுதி 1988-இல் முடிந்தது. மறு வருடம் மகன் ஈவ் கார் விபத்தில் இறந்தார். கயிலை மலையைச் சுற்றும் கற்பனை யாத்திரையாக இரண்டாம் பகுதி, 1993-இல் மூன்றாவது. மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். அதில் இருக்கும் கனம் யாரையும் தூங்க விடாது என்றே நினைக்கிறேன்.

2000-இல் கடைசி சின்தசைசர் படைப்பு. எழுபது வயதைத் தாண்டியபின், முப்பது வருடம் பழகிய கருவியை விட்டுவிட்டு, செல்லோ, ஹார்ப் என்று மனிதர்கள் கையால் வாசிக்கும் கருவிகளுக்கு வந்தார். செல்லோ கலைஞர் சார்ல்ஸ் கர்ட்டிஸுக்காக 'நால்ஜோர்லாக்' 2005-இல் வந்தது. 2011-இல் ஹார்ப் கலைஞர் ரோட்ரி டேவிஸோடு 'ஆக்கம் ஓஷன்' வரிசையைத் தொடங்கினார். எழுதிய இசைக்குறிப்பு கிடையாது. கலைஞர் அவர் வீட்டுக்குப் போவார், நீரைப் பற்றிய ஒரு காட்சியை இருவரும் மனதில் வைத்துக்கொள்வார்கள், பேசிப் பேசி, வாசித்து வாசித்து உருவாக்குவார்கள். மின்கருவியில் அவர் தேடிய அதே துடிப்புகளும், ஒரு சுரத்தோடு சேர்ந்தே மெல்லியதாக எழும் மேல்சுரங்களும் தந்தியிலிருந்து வருகின்றன.

புதிதாகக் கேட்கிறவர்கள் 'அட்னோஸ்' முதல் பகுதியிலிருந்து தொடங்கலாம். போன் ஸ்பீக்கரில் வேண்டாம், அதன் அடித்தள ஒலிகள் அதில் வெளியே வரவே வராது. நல்ல ஸ்பீக்கர் இருந்தால் மிதமான சத்தத்தில் வைத்துவிட்டு, இடையிடையே அறைக்குள் இடம் மாறி உட்காருங்கள். சுவரோரம் ஒரு மாதிரியும் நடுவில் வேறு மாதிரியும் கேட்கும்.