ஸில்லாவின் பூ

ஜார்ஜியானா ஹௌட்டனை எங்கே குறிப்பிட்டாலும், 'காண்டின்ஸ்கிக்கு அரை நூற்றாண்டு முன்பே அரூப ஓவியம் வரைந்தவர்' என்றுதான் தொடங்குகிறார்கள். எந்தப் பொருளின் உருவத்தையும் காட்டாத அரூப ஓவியத்தின் முன்னோடி என்று புகழப்படும் ரஷ்ய ஓவியரையே முந்தியவர் என்பது பெருமைதான். ஆனால் எனக்கு இதில் ஒரு வருத்தம் இருக்கிறது. அவர் வரைந்தது பூக்களை. அதுவும் யாரோ ஒருவருடைய பூவை.

லண்டனில் வாழ்ந்தவர். 1859இல் ஆவிகளோடு பேசும் கூட்டங்களுக்குப் போகத் தொடங்கினார். இறந்துபோன தன் சகோதரி ஸில்லாவோடு பேச வேண்டும் என்பதுதான் ஆசை. 1861இல் ஆவிகள் தன் கையைப் பிடித்து நடத்துவதாக நம்பி வரைய ஆரம்பித்தார். அந்த ஆண்டு வந்த படங்களில் ஒன்றின் பெயர் 'ஸில்லா வாரனின் பூ'.

அவருடைய நம்பிக்கையை முதன்முதலில் படித்த அன்று நெடுநேரம் வேறெதிலும் மனம் ஓடவில்லை. இங்கே ஒரு குழந்தை பிறக்கும் அதே நொடியில் ஆவியுலகில் ஒரு பூ முளைக்கிறதாம். குழந்தையின் மனம் மலர மலர அதுவும் நாளுக்கு நாள் வளர்கிறது. அந்த ஆளின் குணம்தான் அதன் நிறம், அதன் வடிவம். ஒவ்வொருவருக்கும் அங்கே கனியும் உண்டு; உள்ளே ஓடும் வாழ்க்கைதான் அதில் பழுக்கிறது. வேற்றுலகத் தாவரங்கள் என்று எத்தனையோ பேர் கற்பனை செய்திருக்கிறார்கள், ஆளுக்கொரு செடி என்று இவ்வளவு அன்போடு யோசித்த இன்னொருவரை எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஆவிகளில் நம்பிக்கை இல்லை. டிஷியன், கொரெஜ்ஜியோ என்ற பழைய இத்தாலிய ஓவிய மேதைகளின் ஆவிகள் வந்து தன் கையை நடத்தியதாக அவர் சொன்னதையும் நான் ஏற்கவில்லை. ஆனாலும் ஸில்லாவின் பூ ஸில்லாவின் உருவப்படம் என்றே நினைக்கிறேன். முகத்தை வரையாமல் ஒருவரை வரைய அவர் கண்டுபிடித்த வழி அது.

சரி, பிந்தைய படங்களில் காம்பும் இல்லை, இதழும் இல்லை. சுருள் சுருளாக நீர்வண்ணம், அதன்மேல் நூல்போல மெல்லிய வெள்ளைக் கோடுகள். அரூபம் என்று தோன்றுவது இயல்பே. ஆனால் தாளைத் திருப்பினால் பின்பக்கத்தில் எழுத்து! எந்த நிறம் எதைச் சொல்கிறது, எந்தக் கோடு எதைக் குறிக்கிறது என்று, அதையும் ஆவிகள் சொல்லச்சொல்ல கை எழுதியதாம். விளக்கம் இவ்வளவு கறாராக இருக்கும் படத்தைப் பொருளற்ற கோலம்போல ரசிப்பது எனக்கு ஒப்பவில்லை.

1871இல் சொந்தப் பணம் போட்டு, ஓல்ட் பாண்ட் தெருவில் 155 படங்களைக் காட்சிக்கு வைத்தார். நாலு மாதம் நடந்தது. ஏறக்குறைய ஒன்றுமே விற்கவில்லை, ஆள் திவாலாகும் நிலைக்குப் போனார். 1884இல் இறந்தார். பெரும்பாலான படங்கள் எங்கே போயின என்றே தெரியவில்லை. மெல்போர்னில் ஆவியுலக நம்பிக்கையாளர்களின் சங்கம் ஒன்று 35 படங்களைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. 2016இல் லண்டன் கோர்ட்டோல்ட் காட்சிக்கூடம் அவருக்கென்றே ஒரு கண்காட்சி நடத்திய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

இனி அவர் படத்தைப் பகிர்கிறவர்கள் அது யாருடைய பூ என்ற பெயரையும், முடிந்தால் பின்பக்கத்து எழுத்தையும் சேர்த்துப் போடுங்கள்.