32,000 ஆண்டு பழைய விதை முளைத்ததா?

சைபீரியாவில் 32,000 ஆண்டுகள் உறைந்து கிடந்த விதை முளைத்தது, அழிந்துபோன பூச்செடி ஒன்று உயிர்த்தெழுந்தது என்று ஒரு தகவல் பகிரப்படுகிறது. செடி உண்மை, வயதும் உண்மை. மற்ற இரண்டும் தவறு.

அது கார்னேஷன் குடும்பத்தின் சைலீன் பேரினத்தைச் சேர்ந்த சைலீன் ஸ்டெனோபில்லா. அழியவில்லை, சைபீரியாவில் இன்றும் பூக்கிறது. கோலிமா ஆற்றங்கரையில் 38 மீட்டர் ஆழத்தில், தரை அணில்கள் அன்று சேமித்த வளையில் இதன் காய்கள் கிடைத்தன. முதிர்ந்த விதைகளை முளைக்க வைக்கும் முயற்சி தோற்றது. அப்புறம்தான் ரஷ்ய ஆய்வாளர்கள் முதிராத காய்க்குள் விதைகள் ஒட்டியிருக்கும் சூலொட்டுத் திசுவை எடுத்து, திசு வளர்ப்பு முறையில் செடிகளை உருவாக்கினார்கள். 2012இல் முடிவுகள் வெளியாயின. என் பார்வையில் இதுதான் பெரிய அதிசயம்: விதையே கைவிட்ட இடத்தில், அதைத் தாங்கிய திசு அத்தனை காலம் உயிரோடு இருந்திருக்கிறது!

சரி, விதையே முளைக்கவில்லையா? முளைத்தது. ஆனால் அது இந்தச் செடிகள் ஆய்வகத்தில் பூத்து, மகரந்தம் சேர்த்தபின் காய்த்த புது விதை.