சூட்கேஸை இறக்கிவிட்டு பம்ப்பை ஏற்றினார்கள்

2024 ஜூன் 5. சுனிதா வில்லியம்ஸும் பட்ச் வில்மோரும் போயிங்கின் ஸ்டார்லைனர் விண்கலத்தில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குக் கிளம்பினார்கள். எட்டு நாள் பயணம் ஒன்பது மாதமான கதை எல்லாருக்கும் தெரியும். கிளம்பும் முன்பு அவர்களுடைய துணிமணி இருந்த சூட்கேஸ்களைக் கடைசி நேரத்தில் இறக்கிவிட்டார்கள் என்பதுதான் அவ்வளவாகப் பேசப்படவில்லை. விண்வெளி நிலையத்தில் சிறுநீரைக் குடிநீராக்கும் எந்திரத்தின் பம்ப், எதிர்பார்த்ததற்குச் சில மாதம் முன்பே மக்கர் பண்ணிவிட்டது. மேலே இருந்தவர்கள் சிறுநீரைச் சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாற்று பம்ப் கிட்டத்தட்ட 70 கிலோ. சூட்கேஸ் இறங்கியது, பம்ப் ஏறியது. இருவரும் நிலையத்தில் கையிருப்பில் இருந்த துணியைப் போட்டுக்கொண்டார்கள்.

நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் இருப்பதால் இது சாத்தியமானது. செவ்வாய்க்குப் பாதி வழியில் அதே பம்ப் நின்றால் எந்த ராக்கெட்டில் அனுப்புவது?

2023இல் நாசா ஒரு சாதனையை அறிவித்தது: நிலையத்தில் 98 சதவீதத் தண்ணீரைத் திரும்ப எடுத்துவிட்டோம் என்று. சிறுநீர், வியர்வை, மூச்சுக்காற்றின் ஈரம் எல்லாம் சேர்த்துத்தான். உண்மையிலேயே பெரிய காரியம், குறை சொல்லவில்லை. ஆனால் நீண்ட பயணம் என்று பேச்செடுத்தாலே எல்லாரும் இந்தச் சதவீதத்தையே பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரு சின்னக் கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 3.8 லிட்டர். நாலு பேர், ஆயிரம் நாள் என்றால் 15,200 லிட்டர். இந்தச் சாதனைக்கு முன்பே 94 சதவீதம் வரை எடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். 94இல் இழப்பு 912 லிட்டர், 98இல் 304 லிட்டர். வித்தியாசம் 608 கிலோ. விண்வெளிக்கு அது பெரிய எடைதான். ஆனால் தொட்டியில் கிடக்கும் தண்ணீருக்கு பேரிங் தேயாது. அது கதிர்வீச்சையும் ஓரளவு தடுக்கும். அந்த நாலு சதவீதத்துக்காகக் கூடுதலாக ஒரு எந்திரத்தையும் அதற்கான உதிரிகளையும் தூக்கிப்போவதா, தண்ணீரையே தூக்கிப்போவதா? நான் தண்ணீர்க் கட்சி.

அந்தச் சிறுநீர் எந்திரத்தின் கதையைக் கேளுங்கள். வேலை செய்யும் விதம் எளிதுதான். எடையற்ற இடத்தில் திரவம் அடியில் தங்காது. அதனால் ஒரு டிரம்மைச் சுழற்றி சிறுநீரைச் சுவரோடு ஒட்டவைக்கிறார்கள். அழுத்தத்தைக் குறைத்தால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகும். 2008 நவம்பரில் மேலே போனது. சிறுநீரிலிருந்து மட்டும் 85 சதவீதத் தண்ணீரை எடுக்க வேண்டியது, சீக்கிரமே அடைத்துக்கொண்டது. திறந்து பார்த்தால் கால்சியம் சல்பேட் என்ற உப்பு. விண்வெளியில் எலும்பு கரைகிறது, அந்தக் கால்சியம் சிறுநீரில் வருகிறது. தரையில் சோதித்ததோ தரையில் நடமாடும் ஆட்களின் சிறுநீரை வைத்து! அப்புறம் எந்திரத்தை 70 சதவீத அளவுக்குக் குறைத்து ஓட்டினார்கள். சிறுநீர் கெடாமலிருக்க அதில் கலந்த கந்தக அமிலத்துக்குப் பதில் பாஸ்பாரிக் அமிலத்துக்கு மாறிய பிறகுதான் நிலைமை சரியானது.

எங்கள் வீட்டு கெய்சரும் இதே கேஸ்தான். போர்வெல் தண்ணீர். ஆறு மாதத்தில் காயில் மேல் வெள்ளையாக ஒரு விரல்கடை உப்பு. மெக்கானிக் வந்து நாலு நட்டைக் கழற்றி, காயிலைச் சுரண்டி, வாஷர் ஒன்றை மாற்றிவிட்டுப் போவார். நாற்பது நிமிடம். மொத்த கெய்சரையும் பிடுங்கிப் புதிதாக மாட்டினால் யாருக்குக் கட்டுப்படியாகும்?

விண்வெளி நிலையத்தில் பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறார்கள். உள்ளே ஒரு சின்னப் பாகம் போனாலும் பெட்டியோடு கழற்றி, புதுப் பெட்டி மாட்டுவதற்கே வடிவமைத்திருக்கிறார்கள். வீரர்களின் நேரம் மிச்சம், தரையிலிருந்து சரக்கும் வருகிறது, சரி. செவ்வாய்ப் பயணத்தில் ஒவ்வொரு பெட்டிக்கும் ரெண்டு உபரிப் பெட்டி என்று கட்டினால் கப்பல் முழுக்க உதிரிச் சாமான்தான் இருக்கும். பெட்டியைத் திறந்து பெல்ட்டை மட்டும் மாற்றலாம், நாலு எந்திரத்துக்கும் ஒரே வால்வு என்றால் உதிரிகளின் கட்டு நன்றாகவே குறையும். நிலவுக்குக் கிளம்பி வழியில் பழுதான அப்போலோ 13இல் சதுரக் காற்று வடிகட்டியை வட்ட ஓட்டையில் பொருத்தப் பட்ட பாடு போதாதா?

எளிமையானதெல்லாம் பத்திரம் என்றும் சொல்ல மாட்டேன். 1997 பிப்ரவரியில் ரஷ்யாவின் மிர் விண்வெளி நிலையத்தில், பற்றவைத்தால் ஆக்சிஜன் தரும் சாதாரண உருளை ஒன்றுதான் தீப்பிடித்தது. உள்ளே ஆறு பேர்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம், நம் வீரர்களை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம். உயிர்காப்பு அமைப்பைத் தர எந்த நாடும் முன்வரவில்லை, நாமே செய்கிறோம் என்று 2023 டிசம்பரில் அப்போதைய இஸ்ரோ தலைவர் சோமநாத் சொன்னார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. வாங்கியிருந்தால் மூடிய பெட்டியாகத்தான் வந்திருக்கும். ககன்யான் சில நாள் பயணம், சிறுநீரைச் சுத்திகரிக்கத் தேவையே இல்லை. 2035க்கு என்று சொல்லும் நம் சொந்த நிலையத்தில்தான் இந்தத் தலைவலி ஆரம்பிக்கும்.

இஸ்ரோவில் இருக்கும் நண்பர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரே கேள்வி: நம் நிலையத்தின் சிறுநீர் எந்திர பம்ப்பை மிதந்துகொண்டே, கையுறை போட்ட கையால், எத்தனை ஸ்பேனர் வைத்துத் திறக்கலாம்?